நாலு சக்கரமும் ஆயிரத்தெண்ணூறு செங்கல்லும்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. என் தொண்டை முன்பு போல இல்லை. எட்ட இருந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். அதுவும் இது களைத்துப்போன ஒரு மனுஷனின் கதை. களைப்பை உரக்கச் சொன்னால் எடுபடாது.

அவரை எல்லாரும் லோடுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வயது ஐம்பத்திரண்டு. கையில் ஒரு பழைய பிக்கப் வண்டி. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், வீடு மாற்றுகிறவர்களின் மூட்டை முடிச்சு என்று வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் சுமையை ஏற்றி இறக்குவார். ஏழாவது நாள் தன் உடம்பைக் கட்டிலில் இறக்கிவைத்துவிட்டு, இனி யாராவது வந்து தூக்கினால்தான் உண்டு என்பது போலக் கிடப்பார்.

அந்தக் கட்டிலுக்கு மூன்று முழம் தள்ளி அவர் மனைவியின் தையல் மெஷின். அவள் தைப்பது சட்டை, பாவாடை இல்லை. வண்டிகளுக்கு சீட் கவர், தார்ப்பாய். கனத்த துணி. ஊசி அதில் ஏறி இறங்கும்போது வீடே பல்லைக் கடிப்பது போலிருக்கும். கூடத்தில் ரெக்ஸின் சுருள், அடுப்படியில் நூல்கண்டு, குளியலறைக் கொடியில் பாதி தைத்த டிரைவர் சீட். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவரின் தட்டில் ஒரு பித்தளைக் கொக்கி கிடந்தது. "அது உங்களுக்கு இல்லைங்க, காய்கறி வண்டித் தார்ப்பாய்க்கு" என்று எடுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்குத் தொழிலுக்கென்று ஒரு தனி அறை வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. மேட்டின் உச்சியில் தட்டையாக ஒரு துண்டு நிலம், அவர்களுடையதுதான். அங்கே அறை கட்டத்தான் போன வருஷம் ஆயிரத்தெண்ணூறு செங்கல் வாங்கினார்கள். கொண்டுவந்த லாரி மேட்டில் ஏறாது என்று கீழே ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனது.

"அதுக்கென்ன, நம்ம வண்டியில நான் மேல ஏத்திடறேன்" என்றார் லோடுக்காரர்.

சொன்னார். அதோடு சரி. ஒரு வருஷத்தில் செங்கல் மேல் பாசி ஏறியது; மேட்டின் மேல் செங்கல் ஏறவில்லை.

கேட்டால் ஒரு காரணம் தயாராக இருக்கும். "இது பின்சக்கரம் மட்டும் இழுக்கற வண்டிடி. அந்தச் சரளை மேட்டுல பின்சக்கரம் வழுக்கும். முன்சக்கரம் சும்மா உருண்டுக்கிட்டு வர்றதோட சரி. நாலு சக்கரமும் இழுக்கற வண்டி மட்டும் இருந்தா, ஒரே நாள், முடிச்சுத் தந்துடுவேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உண்மை என்னவென்றால், ஆறு நாள் ஊரார் சுமையைத் தூக்கியவருக்கு ஏழாவது நாள் தன் வீட்டுச் சுமையைக் கண்ணால் பார்க்கவும் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல எந்தப் புருஷனுக்குத் தைரியம் உண்டு? அதனால் பழியைத் தூக்கிப் பின்சக்கரத்தின் மேல் போட்டார். பின்சக்கரம் திருப்பிப் பேசாது.

ஆனால் ஒரு பொய்யை ஒரு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தால், சொல்கிறவனே அதை நம்ப ஆரம்பித்துவிடுவான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அவர் கனவில் வந்தது. ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தார். உயரமாக, தோள் அகலமாக, கறுப்பு டயரில் பள்ளம் பள்ளமாகப் பூ வெட்டி நின்றது. இருக்கிற சேமிப்பு ஒன்றுக்குத்தான் ஆகும். ஒன்று வண்டி, இல்லாவிட்டால் அறை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு ஏழாவது நாள் காலை. எழுந்தார். எழுந்ததே அதிசயம். கட்டிலில் உட்கார்ந்தபடி அறிவித்தார்.

"முடிவு பண்ணிட்டேன். நாலு சக்கர வண்டி எடுக்கப் போறேன்."

மெஷின் நிற்கவில்லை. "எடுங்க."

அவர் பத்துப் பதிலுக்குத் தயாராக வந்திருந்தார். இது பதினோராவது.

"எடுங்கன்னா? நிஜமாவா சொல்றே?"

"உங்க வண்டியால செங்கல்லை மேல ஏத்த முடியலைன்னா வேற வண்டி எடுத்துத்தானே ஆகணும். நான் என்ன கல்லையும் மண்ணையும் தலையிலயா சுமக்கறது?"

"அதைத்தாண்டி ஒரு வருஷமா சொல்றேன்!"

"சொல்றீங்க. ஒரு தரம் காட்டிடுங்களேன். என் கண்ணால பார்த்துட்டா மனசு ஆறிடும். ஏறலையா, புது வண்டி. ஏறிடுச்சா, அறை. சரிதானா?"

லோடுக்காரருக்கு இரண்டு காலும் தரையில் இல்லை. காலியான பின்சக்கர வண்டி சரளை மேட்டில் எப்படி ஏறும்? பின்னால் கனம் இல்லாவிட்டால் சக்கரம் தரையைப் பிடிக்காமல் சுத்தும். இதைத் தெரிந்துகொள்ள இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டியிருக்க வேண்டும். தையல்காரிக்கு என்ன தெரியும் என்று நினைத்தார்.

அங்கேதான் சறுக்கினார். சீட் கவர் தைக்கக் கொடுக்கிற டிரைவர் அத்தனை பேரும், தைத்து முடிகிறவரை அவள் கூடத்தில் உட்கார்ந்து எதைப் பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? வண்டியைத்தான். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். காதும் திறந்தே இருக்கும்.

வண்டியை மேட்டடியில் நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, வேண்டுமென்றே ஒரு மிதி மிதித்தார். பாதி மேட்டில் பின்சக்கரம் கிறுகிறுவென்று சுத்தியது. சரளை தெறித்தது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி, வெட்கப்பட்டதுபோல் பின்னால் இறங்கியது.

"பார்த்தியா!" தோற்றுப்போன ஒருவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "பார்த்தேன். காலி வண்டி வழுக்குது. ஆனா நாம காலி வண்டியையா மேல கொண்டுபோகப் போறோம்?"

"என்ன சொல்றே?"

"எஞ்சின்ல எவ்வளவு பலம் இருந்தா என்னங்க? சக்கரம் தரையைக் கடிச்சாத்தானே அந்த பலம் தரையில இறங்கும். பின்னாடி கனம் இருந்தா பின்சக்கரம் கடிக்கும். கனம் வெச்சுப் பார்ப்போம்."

"கனத்துக்கு இப்ப நான் எங்க போறது?"

அவள் ரோட்டோரம் திரும்பிப் பார்த்தாள். பாசி படிந்த செங்கல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

முந்நூறு செங்கல் ஏற்றினார். அவர் ஏற்றினார், அவள் எண்ணினாள். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே வரிசையாக அடுக்கச் சொன்னாள். வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. ஏறினார். இந்த முறை சக்கரம் சுத்தவில்லை. சரளையைக் கடித்துக் கடித்து, மூச்சு வாங்கி, முனகி, உச்சிக்குப் போய் நின்றது. பாழாய்ப்போன வண்டி, எஜமானைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இங்கேயே அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் முந்நூறோடு போயிருக்கும். தவளை தன் வாயால்தான் கெடும்.

"ஏறிச்சு. ஒத்துக்கறேன்" என்றார், நெற்றியைத் துடைத்தபடி. "ஆனா எப்படி ஏறிச்சு? கிழவன் மாடிப்படி ஏறின மாதிரி. இதுக்குப் பேர் இழுவையா? நாலு சக்கர வண்டி எப்படி ஏறுதுன்னு பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தானே வித்தியாசம் தெரியும்?"

"அதுவும் நியாயம்தான்" என்றாள் அவள். "ஷோரூம்ல சொன்னா ஓட்டிப் பார்க்க வண்டி அனுப்புவாங்களா?"

"வீட்டுக்கே வரும்!"

"அப்படியே என் தம்பி வண்டியையும் வரச் சொல்லட்டா? அது முன்சக்கரம் இழுக்கறது. மூணையும் பார்த்துட்டா அப்புறம் யாரும் குறை சொல்ல முடியாது பாருங்க."

எவ்வளவு நல்ல மனைவி என்று நினைத்தார் லோடுக்காரர். கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் செங்கல் தூசியும் இருந்திருக்கும்.

மச்சான் வந்தார். கடைகளுக்கு ரொட்டி போடுகிறவர். சின்ன பிக்கப், உள்ளே இன்னும் ரொட்டி வாசனை. இறங்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "மாமா, எனக்குக் குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீங்க ஏத்துங்க, நான் நிழல்ல நின்னு பார்த்துக்கறேன்." பின்னாலேயே ஷோரூம்காரர் அந்தக் கறுப்பு வண்டியோடு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையைப் பார்த்து, "ஒரு கை பிடிங்க" என்று கேட்க யாருக்கும் மனசு வராது.

லோடுக்காரர் உச்சியில் முந்நூறோடு நின்ற தன் வண்டியில் ஏறி, கல்லை அப்படியே கீழே கொண்டுவரக் கிளம்பினார். "ஒரே கல்லை மூணு வண்டியும் சுமந்தாத்தானே போட்டி சரியா இருக்கும்."

"அய்யோ, இருங்க!" ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "திரும்ப இறக்கி, திரும்ப ஏத்தி, உங்க முதுகு என்னத்துக்கு ஆகும்? அதை இங்கேயே இறக்கிப் போட்டுட்டு வாங்க. அடுத்த வண்டிக்குக் கீழ இருக்கறதுல முந்நூறு எண்ணி வைங்க. செங்கல் எல்லாம் ஒரே சூளை, ஒரே அச்சு. எடை ஒண்ணுதானே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவர் முதுகுக்கு நல்லதாகத்தான் தெரிந்தது.

"உனக்காவது என் மேல அக்கறை இருக்கே" என்றார், முதுகைத் தடவியபடி.

"கட்டிக்கிட்டேனே" என்றாள் அவள்.

ரொட்டி வண்டியில் முந்நூறு. மச்சான் ஓட்டினார். பின்னால் கனம் ஏறியதும் வண்டியின் மூக்குத் தூக்கிக்கொண்டது. இழுக்க வேண்டிய முன்சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் சுத்தின. மூன்று தரம் முயன்று மூன்று தரமும் சறுக்கி வந்தார்.

"இது ரொட்டிக்குத்தான் லாயக்கு" என்றார் லோடுக்காரர்.

"டேய்" என்றாள் அக்காக்காரி, "வண்டியைத் திருப்பு. ரிவர்ஸ்ல ஏறு."

"என்னக்கா, பின்பக்கமாவா? ரோட்டுல ஆளுங்க பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். பின்னாடி திரும்பி ஏறினா எஞ்சின் பள்ளத்துப் பக்கம் வரும். மொத்த கனமும் முன்சக்கரத்து மேல சாயும். கல்லையும் கேபினை ஒட்டி அடுக்குங்கங்க."

செங்கல்லை நகர்த்தி அடுக்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மச்சான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, பெண் பார்க்கப் போய் முகத்தைக் காட்ட வெட்கப்படுகிற மாப்பிள்ளை போல, பின்பக்கமாகவே உச்சி வரை போய்ச் சேர்ந்தார். ரோட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்தது கறுப்பு வண்டி. முந்நூறு ஏற்றினார். தன் கையால் தன் கனவுக்குச் சுமை ஏற்றுகிறோமே என்று ஒரு சுகம். ஷோரூம்காரர் ஒரு குமிழைத் திருகினார். நாலு சக்கரமும் பிடித்தன. வண்டி சத்தமில்லாமல், அவசரமில்லாமல், பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கேட்கப் போவதுபோல மேட்டில் ஏறிப் போனது.

"பார்த்தியா! பார்த்தியா!" லோடுக்காரர் கத்தினார். குரல் வந்தது. கை தூக்க வரவில்லை.

"நல்லாத்தான் ஏறுது" என்றாள். "ஆனா மூணுமே ஏறிடுச்சே. நான் எதை வெச்சு முடிவு பண்றது?"

"காஞ்ச தரையில எல்லாமே ஏறும்டி. ஈரத்துல பார்க்கணும்! மழைக்காலத்துல என் வண்டி இந்த மேட்டைத் தொடாது. குழாயை எடு!"

யாரும் சொல்லவில்லை. அவரேதான் சொன்னார். அவரே குழாயை இழுத்து வந்து மேடு முழுக்கத் தண்ணீர் அடித்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை இவ்வளவு முழுசாக யாரும் செய்து பார்த்ததில்லை.

மறுபடி அவர் வண்டி. முந்நூறு. நாலாவது நடை. பாதி மேட்டில் பின்சக்கரம் சேற்றில் சுத்தியது. லோடுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். முகமெல்லாம் சேறு, சேறெல்லாம் சிரிப்பு.

"செத்துச்சு! ஏறலை! எல்லாரும் பார்த்துக்குங்க!"

அவள் டயரைக் குனிந்து பார்த்தாள். "கல்லு மாதிரி காத்து அடிச்சிருக்கீங்க. கொஞ்சம் இறக்கிவிடுங்க. டயர் தட்டையா உட்கார்ந்தா இன்னும் கொஞ்சம் தரையைப் பிடிக்கும். மிதிக்காம, மெதுவா, ஒரே சீராப் போங்க."

"அதெல்லாம் ஆகாதுடி."

"ஆகாதுன்னா கவலை எதுக்கு? ஒரே ஒரு தரம். ஏறலைன்னா இப்பவே புது வண்டிக்குக் கையெழுத்து."

கையெழுத்து என்றதும் ஷோரூம்காரர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். லோடுக்காரர் இறங்கிக் காற்றை விட்டார். டயர் விட்ட பெருமூச்சும் அவர் விட்ட பெருமூச்சும் ஒன்றாகக் கேட்டன. மெதுவாகப் போனார். துரோகி வண்டி, சேற்றை மென்று மென்று மேலே போய் நின்றுவிட்டது.

அவர் கல்லை இறக்கினார்.

ஐந்தாவது நடை, ரொட்டி வண்டி, ஈரத்தில், ரிவர்ஸில். அது நாலு தரம் வழுக்கியது. ஒவ்வொரு தரமும் லோடுக்காரர் நூறு கல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி அடுக்கினார். கடைசியில் மச்சானின் கழுத்து சுளுக்கிக்கொண்டது, வண்டி ஏறிவிட்டது. ஆறாவது நடைக்கு வந்தபோது லோடுக்காரர் குனிந்தால் நிமிர ஒரு நிமிஷமும், நிமிர்ந்தால் குனிய ஒரு நிமிஷமும் ஆனது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு வண்டி ஈரத்திலும் அதே நடையாக ஏறிப் போனது. துளி வழுக்கல் இல்லை. அவர் பின்னாலேயே நடந்து மேலே போய், முந்நூறையும் இறக்கி, அந்தக் குவியல் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு" என்றார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "எது பெரிசு?"

அவள் எல்லாருக்கும் டீ கொடுத்தாள். பிறகு, கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வதுபோல நின்றாள்.

"சந்தேகமே இல்லைங்க. நாலு சக்கரம்தான் கெட்டி. காஞ்சதுலயும் கெட்டி, ஈரத்துலயும் கெட்டி. மத்த ரெண்டையும் கெஞ்சி, கொஞ்சி, திருப்பி, காத்தை இறக்கி ஏத்தினோம். இது தானா ஏறிச்சு. ஒரு வருஷமா நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்."

ஷோரூம்காரர் பேனா மூடியைத் திறந்தார். லோடுக்காரரின் கண்ணில் நாலு சக்கரமும் சுழன்றன. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் ஜெயித்தது இதுதான் முதல் தடவை.

"எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம். எடுத்து, எதை மேல ஏத்தப் போறோம்?"

"செங்கல்லை..." என்றவர் கீழே பார்த்தார்.

ரோட்டோரம் சுத்தமாக இருந்தது. செங்கல் கிடந்த இடத்தில் சிவப்பாக ஒரு சதுரம், அதில் இரண்டு மரவட்டை. உட்கார்ந்திருந்த குவியலைத் தொட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பினார், செங்கல். அந்தப் பக்கம் திரும்பினார், செங்கல். ஆறு குவியல். ஆறு முந்நூறு எத்தனை என்று கணக்குப் போடக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

"மணல்?" என்றார், மூழ்குகிறவன் குரலில். "சிமெண்ட்?"

"அதுக்கு உங்க வண்டி இருக்கே. ஈரத்துலயே ஏறுது. இத்தனை பேர் பார்த்தாங்களே."

ஷோரூம்காரர் பேனாவை மூடினார். மச்சான் சிரிக்கப் பார்த்தார், கழுத்து விடவில்லை. இரண்டு பேரும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

மேட்டின் மேல் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். அவள் முந்தானை முடிச்சிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். தார்ப்பாய் தைக்கிற கெட்டி நூல். மூலைக்கு ஒன்றாக நாலு முளைக்குச்சியும் வாசலுக்கு ஒன்றும் அடித்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டே வந்தாள். அறையின் அளவு. மூன்று பக்கம் முடிந்தது. நாலாவது பக்கம் வந்ததும் அவர் முழங்காலருகே நின்றாள்.

"கொஞ்சம் எந்திரிங்க."

"எதுக்கு?"

"வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க."

அவர் முயன்றார். கை ஊன்றினார். தோள் அசைந்தது, இடுப்பு அசையவில்லை. "முடியலைடி" என்றார். இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டியவர், ஒரு வருஷத்தில் அன்றுதான் முதல் முறையாக உண்மைக் காரணத்தைச் சொன்னார்.

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். சேறு, செங்கல் தூள், வியர்வை, டீ.

"சரி, சிரமப்படாதீங்க, அப்படியே இருங்க" என்று, வாசலுக்கு அடித்திருந்த குச்சியைப் பிடுங்கி, இரண்டடி தள்ளி நட்டு, அவரையும் அறைக்குள் வைத்து, அவருக்கு முன்னால் நூலை இழுத்துக் கட்டினாள்.